வந்து சேர்ந்ததா காசு?

எல் சால்வடோரின் கடற்கரைச் சிற்றூரான எல் சோந்தேயின் கருமணலில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அலைச்சறுக்குப் பலகையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கடலிலிருந்து ஓடிவருகிறவர்கள் முதலில் தேடுவது நிழலை, அடுத்தது புபூசாவை. தகரக் கூரை, நாலு மேசை, ஓரமாக அகன்றதோர் இரும்புக் கல். கல்லுக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். சோளமாவு உருண்டையை உள்ளங்கையில் குழித்து, மசித்த பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்து மூடி, இரு கைக்கும் மாற்றி மாற்றித் தட்டி வட்டமாக்கிக் கல்லில் போடுகிறார். அந்தத் தட்டல் ஓசை ஓய்வதே இல்லை. இருபது வயது மதிக்கத்தக்க மகள் கல்லாவில் நிற்கிறாள். ஒரு மரப்பெட்டி, அதன்மேல் சாய்த்து வைத்த பழைய டேப்லெட், தூணில் ஒட்டிய ஒரு க்யூஆர் கோடு. கல்லா என்பது அவ்வளவுதான்.

கடைசி மேசையில் உட்கார்ந்தால் கல்லும் தெரியும், கல்லாவும் தெரியும்.

தலை ஈரம் சொட்டச் சொட்ட ஓர் இளைஞன் வருகிறான். இரண்டு புபூசா, ஒரு சோடா. மகள் டேப்லெட்டில் டாலரில் தொகையைத் தட்டுகிறாள். டாலர் அந்தக் கணமே சடோஷியாக மாறிக் க்யூஆர் கோடாகத் திரையில் நிற்கிறது. ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி. அவன் போனை நீட்டி ஸ்கேன் செய்கிறான், கட்டைவிரலால் அழுத்துகிறான். அவன் கை கீழே இறங்குவதற்குள் டேப்லெட்டில் பச்சை நிறம் பரவி ஒரு சரிக்குறி விழுகிறது. அவனும் தன் போனைத் திருப்பி அவளுக்குக் காட்டுகிறான், அனுப்பிவிட்டேன் என்று. அவள் அதைப் பார்ப்பதில்லை. டேப்லெட்டைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்த்துத் தலையசைக்கிறாள். தட்டு நகர்கிறது. புளித்த முட்டைக்கோஸும் தக்காளிச் சாறும் மேலே விழுகின்றன.

அடுத்து வருகிறவரும் போனைத் திருப்பிக் காட்டுகிறார். அவருடைய போனையும் அவள் பார்ப்பதில்லை. மதியம் முழுக்க ஒரு தடவைகூட அவள் கண் வாடிக்கையாளரின் திரைக்குப் போகவில்லை. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை; சிரித்துக்கொண்டேதான் தலையசைக்கிறாள். அடுத்தவர் திரையில் தெரிவது அடுத்தவர் சொல்கிற சேதி. தன் திரையில் தெரிவது தன் காசு. நம் ஊர்க் கடைத்தெருவில் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றவர்கள் நிறையப் பேர். போலித் திரையைக் காட்டிச் சரக்கோடு நழுவியவர்களைப் பார்த்துச் சலித்த பிறகே பல கடைக்காரர்கள் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டியை வாங்கி வைத்தார்கள். காசின் வகை மாறியிருக்கிறது. கடைக்காரர் செய்யவேண்டிய முதல் காரியம் மாறவில்லை.

இந்த ஊருக்கு இந்தக் காசு வந்த கதை சிறியது. எல் சால்வடோரின் லா லிபெர்தாத் மாநிலத்துக் கரையில் இருக்கும் இந்த மீனவச் சிற்றூருக்கு, கலிபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த மைக்கேல் பீட்டர்சன் பல ஆண்டுகளாக வந்துபோய்க்கொண்டிருந்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பிட்காயினாக ஒரு நன்கொடை தர முன்வந்தார். டாலராக மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது, ஊருக்குள் பிட்காயினாகவே புழங்கவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. 2019இல் உள்ளூர் இளைஞர்களோடு சேர்ந்து வேலை தொடங்கியது. கரையையும் ஆற்றையும் சுத்தம் செய்த பிள்ளைகளுக்குப் பிட்காயினில் கூலி. அந்தக் கூலியை வாங்கிக்கொள்ளச் சில கடைகள். 2020இல் பெருந்தொற்று சுற்றுலாவை அடைத்துப் போட்டபோது குடும்பங்களுக்கு உதவியும் அதே வழியில் போனது. நாட்டில் வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் அப்போது பெரும்பான்மையாக இருந்தார்கள். கார்டு தேய்க்கும் கருவி கிடைக்காத கடைக்குப் போன் ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிறகு அரசு வந்தது. 2021 ஜூனில் நாடாளுமன்றத்தின் 84 உறுப்பினர்களில் 62 பேர் வாக்களித்துப் பிட்காயினைச் சட்டப்படியான நாணயமாக்கினார்கள். செப்டம்பர் 7 முதல் அமல். உலகில் எந்த நாடும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. கல்லில் புபூசா தட்டும் அந்த அம்மாளின் வயதுக்காரர்களுக்கு இது முதல் மாற்றமும் அல்ல. 2001இல் கொலோன் போய் அமெரிக்க டாலர் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 8.75 கொலோனுக்கு ஒரு டாலர் என்று மனக்கணக்குப் போட்டுப் போட்டுப் பழகியவர்கள். பணம் மாறும்போது பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். சில்லறையில் குழப்பம் வந்து நிற்பது இப்படிப்பட்ட கல்லாக்களில்தான்.

மேசையில் சோடா பாட்டில் வியர்க்கிறது. கல்லில் புபூசா ஒரு பக்கம் வெந்து புள்ளி புள்ளியாகக் கருகுகிறது. திருப்பிப் போட்டு எடுக்க மொத்தம் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் பிட்காயினின் கட்டம் (பிளாக்) ஒன்று உருவாகவும் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். அனுப்பிய தொகை ஒரு கட்டத்தில் ஏறினால் அது முதல் உறுதி. அதன்மேல் இன்னும் ஐந்து கட்டம் அடுக்கப்பட்டால் இனி யாராலும் புரட்ட முடியாது என்று பழக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆறு உறுதிக்கு ஒரு மணி நேரம். வீடு விற்கிறவருக்கு அது பொருட்டில்லை. புபூசா விற்கிறவருக்கு அது நடக்கிற காரியமா?

இந்தக் கேள்வி பிட்காயினோடு கூடவே பிறந்தது. 2010 ஜூலையில், தின்பண்ட இயந்திரத்தில் காசு போட்டால் ஒரு மணி நேரம் காத்திருப்பதா என்று கேட்கப்பட்டபோது, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ ஒரு வழி சொன்னார். பரிமாற்றம் வலைப்பின்னல் முழுக்கப் பரவும் வரை பத்து விநாடி போலக் கவனித்திருந்தால் சிறு தொகைக்கு அது போதும். அதே காசை இன்னொரு திசையில் அனுப்பும் முயற்சி அதற்குள் கண்ணில் பட்டுவிடும் என்பது அவர் எண்ணம். முதலில் பார்த்த பரிமாற்றத்தையே கணினிகள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற வழக்கத்தின் மேல் நின்ற நம்பிக்கை அது. 2012இல் கராமே, ஆண்ட்ரூலாகி, சாப்குன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சில விநாடி கவனிப்பது மட்டும் போதாது என்று எழுதினார்கள். கடைக்காரர் பக்கமாக ஒரு பரிமாற்றத்தையும், அதே காசைத் தனக்கே திருப்பும் இன்னொரு பரிமாற்றத்தை மற்ற எல்லார் பக்கமாகவும் ஒரே நேரத்தில் விட்டால், கடைக்காரர் தனக்கு வந்ததை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டத்தில் ஏறுவது மற்றது.

இன்று நிலைமை இன்னும் தெளிவு. காத்திருப்பில் கிடக்கும் பரிமாற்றத்தை, அதிகக் கட்டணம் வைத்து அனுப்பியவரே மாற்றி எழுதலாம். 2024 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 28.0 மென்பொருளில் இந்த மாற்றத்தை ஏற்பதே இயல்பான அமைப்பு. அனுப்பியவர் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும் என்ற பழைய வேலியும் இல்லை. ஆகவே, கட்டத்தில் ஏறாத ஒரு பிட்காயின் பரிமாற்றம் கடைக்காரருக்கு வாக்குறுதி மட்டுமே. வாலட் செயலியில் தொகை தெரிகிறதே என்று அதைக் காசாக எண்ணிவிடக் கூடாது. பல வாலட்டுகள் மங்கலான எழுத்தில் 'நிலுவை' என்று காட்டுவது இதைத்தான். அந்த மங்கல் எழுத்தைப் படிக்காமல் சரக்கைத் தூக்கிக் கொடுக்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவர்களுக்கு அதைச் சொல்லித்தராமல் கருவியை விற்றுவிட்டுப் போகிறவர்கள் பெரும் பிழை செய்கிறார்கள்.

கனடாவில் நடந்தது இதற்குச் சான்று. 2018 செப்டம்பரில் பத்து நாட்களுக்குள் கல்கரி உட்பட ஏழு நகரங்களில், ஒரு நிறுவனத்தின் பிட்காயின் ஏடிஎம்களில் சிலர் பணம் எடுத்தார்கள். எடுத்த கையோடு பரிமாற்றத்தை ரத்தாக்கிக் காசைத் தங்களுக்கே திருப்பிக்கொண்டார்கள். காவல்துறை சொன்ன கணக்கு 112 பரிமாற்றங்கள், ஏறத்தாழ 1,95,000 கனடிய டாலர் இழப்பு. அந்த இயந்திரங்கள் கட்டம் ஏறும்வரை காத்திராமல் நோட்டை நீட்டின. நீட்டிய நோட்டைத் திரும்ப வாங்க முடியாது. இந்தத் திருட்டில் பெரிய கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இந்தப் புபூசா கடையில் அந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம், காசு வேறு தடத்தில் வருகிறது. லைட்னிங் என்று பெயர். ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா இருவரும் 2016இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்து, 2018 முதல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு தரப்பும் பிட்காயினை முன்கூட்டியே தங்கள் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் அசையும் என்ற நிபந்தனையில் பூட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களுக்கிடையே எத்தனை கொடுக்கல் வாங்கல் நடந்தாலும் கணக்கு மட்டும் திருத்தப்படும், கட்டத்தில் ஏறவேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் காசை ஒருவர் மட்டும் வேறெங்கும் அனுப்ப முடியாது என்பதால் ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுக்கும் வேலை நடக்காது. பழைய கணக்கைக் காட்டி ஏமாற்றப் பார்த்தால், எதிர்த்தரப்பு விழித்திருக்கிற பட்சத்தில், மொத்தமும் அதன் கைக்குப் போய்விடும்.

அந்தப் பச்சைச் சரிக்குறிக்குள் நடப்பது இது. கடையின் வாலட் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்குகிறது. அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்ணை மட்டும் க்யூஆர் கோடுக்குள் வைக்கிறது. வாங்குகிறவரின் பணம் இடையிலுள்ள கணினிகள் வழியாக நிபந்தனையோடு நகர்ந்து வருகிறது: ரகசிய எண் வெளிப்பட்டால்தான் கைமாறும், குறித்த கெடுவுக்குள் வெளிப்படாவிட்டால் அனுப்பியவரிடமே திரும்பிப் போகும். பணம் வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்த்துக் கடையின் வாலட் ரகசியத்தை வெளியிடுகிறது. அந்தக் கணத்தில் காசு கடைக்குச் சொந்தம். அந்த ரகசிய எண்ணே வாங்கியவருக்கு ரசீது. எல்லாம் ஓரிரு விநாடிக்குள். கார்டில் வாங்கிய காசை வாடிக்கையாளர் ஆட்சேபித்தால் மாதங்கள் கழித்தும் வங்கி திருப்பி எடுத்துக்கொள்ளலாம். சரக்கும் போய்க் காசும் போன கடைக்காரர் காகிதம் நிரப்பிக்கொண்டிருப்பார். இங்கே அந்த வழி கிடையாது. கடைக்காரருக்கு அது பெரிய நிம்மதி. தொகையைத் தவறாகத் தட்டிக் கூடுதலாக வாங்கிவிட்டால் மட்டும், வாடிக்கையாளரிடம் அவருடைய க்யூஆர் கோடைக் கேட்டு வாங்கித் தானாக அனுப்பவேண்டும். நேர்மையான கடைக்கு அதில் சிரமம் இல்லை.

மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. முதல் இடிக்குப் பிறகு போன் சிக்னல் தள்ளாடுகிறது. நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று நாலு புபூசா சொல்லிவிட்டுப் பணம் அனுப்புகிறது. கணவரின் போனில் வட்டம் சுற்றுகிறது. டேப்லெட்டில் க்யூஆர் கோடு அப்படியே நிற்கிறது. பின்னால் மூன்று பேர் வரிசை. அந்த மனிதர் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறார். "என் கணக்கில் குறைந்துவிட்டது போலக் காட்டுகிறதே" என்று சங்கடத்தோடு சொல்கிறார். மகள் பதற்றப்படவில்லை. டேப்லெட்டைக் காட்டி இன்னும் வரவில்லை என்கிறாள். அம்மாள் கல்லிலிருந்து தலை தூக்கி, அவர்களை உட்காரச் சொல்லிக் கை காட்டுகிறார். தட்டு மட்டும் நகரவில்லை.

சில நிமிடத்தில் அவர் போனில் சிவப்பு எழுத்து விழுகிறது: பரிமாற்றம் தோற்றது, தொகை திரும்பியது. மகள் புதிய க்யூஆர் கோடை உண்டாக்குகிறாள். இந்தத் தடவை மனைவியின் போன். பச்சை. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். அந்தச் சில நிமிடத்தில் அவள் இரக்கப்பட்டுத் தட்டை நகர்த்தியிருந்தால், வரிசைக்குப் பயந்து நகர்த்தியிருந்தால், இன்று பெரிய நட்டம் வந்திருக்காது. நாளைக்கும் அப்படியே நகர்த்தும் பழக்கம் வந்திருக்கும். முடிந்தது அல்லது முடியவில்லை, இரண்டில் ஒன்றை மட்டுமே அவள் ஒத்துக்கொள்கிறாள். நடுவில் 'வந்துகொண்டிருக்கிறது' என்றொரு நிலையை அவள் கல்லா ஏற்பதில்லை. உடனடிப் பணத்தில் உறுதி என்பது இந்தப் பிடிவாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மரப்பெட்டியில் டாலர்ச் சில்லறையும் தயாராக இருக்கிறது. வலை அறுந்தாலும் கடை மூடவேண்டியதில்லை.

பக்கத்துத் தங்கும் விடுதியின் முற்றம் இந்த மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். மழைக்கு முன்பே மூட்டையோடு வந்து இறங்கிய ஒருவரிடம் லைட்னிங் இல்லை. பழைய பிட்காயின் வாலட் மட்டும். மூன்று இரவு வாடகை. விடுதிக்காரர் தன் முகவரியைக் காட்டுகிறார், அவர் அனுப்புகிறார். கட்டத்தில் ஏறவில்லை. ஆனாலும் விடுதிக்காரர் யோசிக்காமல் சாவியை எடுத்து நீட்டுகிறார். இவருக்கு அந்தப் பெண்ணின் பிடிவாதம் ஏன் வரவில்லை? யோசித்தால் இவரும் சரிதான். அறை எங்கும் ஓடிப்போகாது. விருந்தாளி மூன்று நாள் இங்கேயே இருப்பார். இன்று மாலைக்குள் ஆறு உறுதியும் வந்துவிடும். வராவிட்டால் ராத்திரி கதவைத் தட்டிக் கேட்கலாம். அவர் பக்கம் நேரம் இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிறவரிடம் பலகைக்கு ஈடாக ஏதாவது இருக்கும். புபூசா தின்ற வாய்க்குள் போய்விடும். ஆனால் தொகை சிறிது. ஏடிஎம்மின் நோட்டோ, புத்தம் புதுப் போனோ, தங்கமோ கையை விட்டுப் போனால் அடுத்த தெருவிலேயே காசாகிவிடும், தொகையும் பெரிது. அங்கேதான் திருடன் வருவான்.

வியாபாரி கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுதான்: என் பொருள் கையை விட்டுப் போகும் வேகம் பெரிதா, காசு உறுதியாகும் வேகம் பெரிதா? காசு முந்தினால் வாங்கலாம். பொருள் முந்தினால், ஒன்று காசின் தடத்தை மாற்று, அல்லது பொருளை நிறுத்தி வை. எந்த நாணயம், எந்தச் செயலி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. டாஷ் என்ற நாணயத்தில் வேறு ஏற்பாடு: ஆயிரம் டாஷ் பிணை வைத்த கணினிகளில் ஒரு குழு கையெழுத்திட்டுப் பரிமாற்றத்தைப் பூட்டிவிடும், முரணான இன்னொன்றை வலைப்பின்னல் ஏற்காது. டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிடி போன்றவற்றை வாங்குகிறவர்கள் வேறு கவனம் வைக்கவேண்டும். அதே பெயரில் போலி டோக்கன் செய்து அனுப்புகிறவர்கள் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்த டோக்கனின் ஒப்பந்த முகவரி சரியா என்று பார்க்கும் செயலியையே கல்லாவில் வைக்கவேண்டும்.

மழை விட்டதும் மகள் ஈரத் துணியோடு தூணுக்குப் போகிறாள். ஒட்டிய க்யூஆர் கோடைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு விரல் நகத்தால் அதன் நாலு ஓரத்தையும் தடவிப் பார்க்கிறாள், மேலே இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று. பிறகு தன் போனால் அதை ஸ்கேன் செய்து கடையின் பெயர் வருகிறதா என்றும் பார்க்கிறாள். கடைக்காரரின் கோடுக்கு மேல் தன் கோடை ஒட்டிவிட்டுப் போகும் திருடன் எந்த ஊரிலும் உண்டு. யாரும் சொல்லாமலே அவள் இதைச் செய்வது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

இருட்டத் தொடங்குகிறது. அம்மாள் கல்லைச் சுரண்டுகிறார். எரிவாயு உருளை கொண்டுவந்தவர் டாலர் நோட்டுதான் கேட்டார். மரப்பெட்டியிலிருந்து எண்ணிக் கொடுத்தார்கள். பாலாடைக்கட்டிக்காரர் தன் போனை நீட்டினார். இவர்கள் பிட்காயினில் அனுப்பினார்கள், அவரும் தன் திரையைப் பார்த்த பிறகே கட்டியை இறக்கினார். மீதியை மகள் டாலர்க் கணக்குக்கு மாற்றுகிறாள். எல் சோந்தேயில் பிறந்து இப்போது பிளிங்க் என்று பெயர் கொண்ட வாலட்டில் அப்படி ஒரு வசதி உண்டு. அம்மாள் அருகில் வந்து எட்டிப் பார்க்கிறார். "மமா, எல்லாம் மாற்றியாயிற்று" என்கிறாள் மகள். அம்மாள் தலையசைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்புகிறார்.

இந்த ஒரு நிமிட வேலையில் இன்னொரு பெரிய உறுதி அடங்கியிருக்கிறது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே போனது. ஒரு புபூசாவில் சில சென்ட் லாபம் பார்க்கிற கடை அந்தச் சரிவைத் தாங்காது. காசு உறுதியாக வந்து சேர்ந்தாலும் வந்த காசின் மதிப்பு காலையில் இருக்குமா என்பது தனிக் கேள்வி. நாளைய மாவுக்கு வேண்டியதை அன்றன்றே மாற்றிவிடுவதுதான் சிறு வியாபாரிக்கு நல்லது. மிஞ்சியதைச் சேமிப்பாக வைப்பதா என்பது அந்தக் குடும்பம் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயம். கல்லாவில் வைத்து எடுக்கும் முடிவல்ல அது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இதுபோன்ற வாலட்டில் சாவி நிறுவனத்தின் கையில். திரையில் தெரியும் எண் நிறுவனம் தரவேண்டிய கடன். லைட்னிங் பரிமாற்றம் எவ்வளவு உறுதியானாலும், அதைக் காப்பவர் கவிழ்ந்தால் கடையும் பாதிக்கும். சாவியைத் தானே வைத்துக்கொள்ளலாம். பிடிசிபே சர்வர் போன்ற இலவச மென்பொருளைத் தன் கணினியிலேயே ஓட்டலாம். அப்போது கணினி எந்நேரமும் விழித்திருக்கவேண்டும், காசு வந்து விழுவதற்கான கொள்ளளவு தன் பக்கம் இருக்கவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் முதல் பரிமாற்றம் பெரும்பாலும் இந்தக் கொள்ளளவு இல்லாமலே தோற்கிறது. கல்லில் நிற்கிற அம்மாளுக்கு இதெல்லாம் ஆகாது. அவருக்கு ஏற்ற நடுவழி, நிறுவன வாலட்டில் ஒன்றிரண்டு நாள் வியாபாரத்துக்கு மேல் தேங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அரசு வேறு வழியில் இந்த நம்பிக்கையை உண்டாக்கப் பார்த்தது. 2021 சட்டத்தின் 7ஆம் பிரிவு, யார் பிட்காயினைக் கொடுத்தாலும் வியாபாரி வாங்கியே தீரவேண்டும் என்றது. அரசு வாலட்டான சீவோவை இறக்கியவர்களுக்கு 30 டாலர் கொடுத்தார்கள். மக்கள் இறக்கினார்கள், 30 டாலரைச் செலவழித்தார்கள், பெரும்பாலோர் அதோடு விட்டுவிட்டார்கள். 1,800 குடும்பங்களை நேரில் விசாரித்துப் பொருளியலாளர்கள் செய்த ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே பிட்காயினை வாங்குவது தெரிந்தது. ஒருவரை வாங்கவைக்கச் சட்டத்தால் முடியவில்லை. நம்பவைக்க எப்படி முடியும்? பன்னாட்டு நாணய நிதியத்தோடு 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பட்ட பிறகு, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது வாங்குவது வியாபாரியின் விருப்பம்.

அந்தத் திருத்தம் கடன் கொடுத்தவர் சொல்லி வந்தது. ஆனாலும் வியாபாரி பக்கத்திலிருந்து பார்த்தால் அது முதலிலேயே அப்படி இருந்திருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத கல்லாவில் சம்மதத்துக்கு மதிப்பில்லை. எல் சோந்தேயின் கடைகள் சட்டம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இந்தக் காசை வாங்கத் தொடங்கின. சட்டம் தளர்ந்த பிறகும் வாங்குகின்றன. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் நின்ற பழக்கம் அது.

கிரிப்டோவில் பணம் கொடுக்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், இனி உங்கள் போனைத் திருப்பிக் கடைக்காரரிடம் காட்டாதீர்கள். அவருடைய கருவி சொல்லும்வரை பொறுங்கள். அது சொல்லவில்லை என்றால், அவர் கேட்பதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டுங்கள்.